பம்பு ஓயட்டும், தம்பி

ஆரணியில் என்னை ‘முதலாளி’ என்று கூப்பிடாதவர் ஒரே ஒருத்தர்தான் இருந்தார். தெள்ளாருக்குப் பக்கத்து கிராமத்திலிருந்து மாற்றுச் சட்டைகூட இல்லாமல் லாரி கிளீனராக வந்தவன் நான். நாலாங்கிளாஸ் தாண்டவில்லை. இன்றைக்கு ரோட்டுமேல் சொந்த ஷெட், ஒட்டினாற்போல ஸ்பேர் பார்ட்ஸ் கடை, கல்யாணத்துக்கு வாடகை விடுகிற கார்கள் எல்லாம் இருக்கின்றன. யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை, நானே சம்பாதித்தது. பட்டுக்கடை ஓனர்களே ‘முதலாளி, வண்டியைக் கொஞ்சம் பாருங்க’ என்று என் முன்னால் வந்து நிற்பார்கள். அந்தம்மா மட்டும் கடைசிவரை ‘தம்பி’ என்றே கூப்பிட்டார். வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டிருந்தால் நடப்பதே வேறு. அந்தம்மாவை விட்டுவிட்டேன்.

ஊரில் அவருக்கு டெலிபோனம்மா என்று பேர். டிரங்க் கால் போட்டு மணிக்கணக்காகக் காத்திருந்த காலத்தில் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். ரிட்டயர் ஆகி ரொம்ப வருஷம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நயினார் வீட்டுப் பெண், அதாவது இந்தப் பக்கத்துத் தமிழ் ஜைனக் குடும்பம். அவரிடம் ஒரு பழைய மாரிஸ் மைனர் கார் இருந்தது. அவர் அப்பா வாங்கியது. முதுகு வளைந்து பாசி நிறத்தில் இருக்கும், பிள்ளைகள் ஆமை கார் என்பார்கள். அதை அவரேதான் ஓட்டுவார்.

அந்தக் காரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பழைய கார்களில் முக்கால்வாசிக்கு எஞ்சின் சுற்றினால்தான் பெட்ரோல் பம்பு வேலை செய்யும். இதில் பம்பு கரண்டில் ஓடுவது. சாவியைத் திருப்பினதும் எஞ்சின் எழுந்திருக்காது. முதலில் பம்புதான் பேசும். டிக் டிக் டிக் டிக் என்று வேகமாக ஆரம்பிக்கும். டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து கார்பரேட்டரின் கிண்ணத்தை ரொப்பும். கிண்ணம் நிரம்ப நிரம்பச் சத்தம் நிதானமாகும். அப்புறம் தானே ஓய்ந்துவிடும். ஓய்ந்த பிறகு ஸ்டார்ட் பண்ணினால் வண்டிக்கு நல்லது. எவன் பொறுத்திருக்கிறான்? நானே பொறுத்ததில்லை. ஓனர் இல்லாத நேரத்தில் டிக் டிக் ஓடும்போதே ஸ்டார்ட்டரை இழுத்துவிடுவேன்.

அந்தம்மா பொறுப்பார். சாவியைத் திருப்பிவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்பார். எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டுக் கேட்டுப் பழகின தலை அது. கடைத்தெருவில் பின்னால் நாலு ஆட்டோ ஹாரன் அடித்தாலும் அசையமாட்டார். ஒருநாள் ஒரு ஆட்டோக்காரன் தலையை நீட்டி, “இன்னாம்மா, வண்டி ஜபம் பண்ணிகினு கீதா?” என்று கேட்டான். அவர் ஜன்னல் வழியாக நிதானமாகச் சொன்னார்: “பசி அதுக்கு. சாப்ட்டு முடிக்கட்டும்பா.” அவனும் சிரித்து ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

என் ஷெட்டில் நான் அவசரப்பட்டாலும் அதே கதைதான். “பம்பு ஓயட்டும், தம்பி” என்பார். நானும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.

இன்னொரு பழக்கமும் இருந்தது அவருக்கு. எங்கே போனாலும் ஒரு பித்தளைச் செம்பும் வெள்ளைத் துணியும் கூடவே வரும். ஷெட்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு கிணறு உண்டு. தண்ணீர் தாகம் எடுத்தால் அதில் மொண்டு, துணியை இரட்டையாக மடித்துச் செம்பின் வாயில் கட்டி, வடிகட்டித்தான் குடிப்பார். அதோடு விடமாட்டார். துணியை அவிழ்த்து, திருப்பிப் போட்டு, வடிகட்டின தண்ணீரையே கொஞ்சம் ஊற்றி அலசி, அந்தத் தண்ணீரைப் பதமாகக் கிணற்றுக்குள்ளேயே விடுவார். துணியில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி பொட்டு தங்கியிருந்தால் அதனுடைய இடத்துக்கே போகட்டும் என்று. அவர்கள் குடும்பத்தில் அப்படித்தானாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆபீஸ் ரூமில் புதிதாக ஆர்.ஓ. மெஷின் மாட்டியிருந்தேன். ஊரிலேயே பெரிய மெஷின். “அதுல குடிங்கம்மா, எல்லாத்தையும் சுத்தம் பண்ணிடும்” என்றேன்.

“அது கொன்னுட்டு வடிகட்டுது தம்பி,” என்றார். “இது வடிகட்டிட்டு விட்டுடுது.”

மெஷின் வாங்கின விலையைச் சொன்னேன். நல்ல மெஷின்தான் என்று ஒப்புக்கொண்டார்.

இப்படிப்பட்டவர் பட்டு ஊரில் இருந்துகொண்டு ஒருநாளும் பட்டு கட்டியதில்லை. புழுவை வேகவைத்துத்தானே நூல் எடுக்கிறார்கள். ஆனால் ஆரணியில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்லலாமா? வீட்டுக்கு வீடு தறி, நெசவுக்காரன் வயிறு அதில்தான். கல்யாணத்துக்குக் கூப்பிட்டுப் பட்டுப்புடவை வைத்துக் கொடுப்பார்கள். “எனக்கு ஒத்துக்காதுப்பா, எப்பவும் பருத்திதான்” என்று கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுப்பார். பாவம், தோலில் ஏதோ அரிப்பு என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. அவர் சொன்னது பொய்யில்லை பாருங்கள். ஒத்துக்காது என்பது நிஜம்தான். அடுத்தவனைச் சுடுகிற பாதி மட்டும் உள்ளேயே நின்றுவிட்டது.

எக்ஸ்சேஞ்சிலும் அப்படியே. பெங்களூரில் நூல் என்ன விலை, மெட்ராஸ் கடைக்காரன் எத்தனை புடவை கேட்டான், எல்லாம் அவர் காது வழியாகத்தான் போகும். ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரியின் பேச்சைத் தெரிந்துகொள்ளப் படாதபாடு பட்டான் என்று கேள்வி. தீபாவளிக்கு வீட்டுக்கே இனிப்பு அனுப்பிப் பார்த்தானாம். இனிப்பு நன்றாயிருந்தது என்று மட்டும் பதில் வந்ததாம். நானே ஒருதரம் வாயைக் கிளறினேன். “ரெண்டு பக்கமும் லைன் குடுத்ததும் நான் காதை எடுத்துடணும் தம்பி. அதுதான் அந்த வேலை” என்றார்.

இப்போது என் மகன் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரே பையன். ஆட்டோமொபைல் டிப்ளமா படிக்கவைத்தேன். எஞ்சின் சத்தத்தை வைத்தே சீக்கு சொல்லுவான், அது என் ரத்தம். திமிரும் அப்படியே, அதுவும் என் ரத்தம்தான் என்று என் சம்சாரம் சொல்வாள்.

நான் வெளியூர் போயிருந்த சமயம் ஆமை காரின் பம்பு மக்கர் பண்ணியது. இவன் என்னைக் கேட்காமல், ஏதோ புது மாடல் காரின் கரண்ட் பம்பைக் கொண்டுவந்து பொருத்திவிட்டான். புது காரின் பம்பு குழாயை உடைக்கிற மாதிரி தள்ளும். பழைய கார்பரேட்டர் கிழவி மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாங்கும். நான் திரும்பி வந்து சாவியைப் போட்டேன். கார்பரேட்டர் பொங்கி பெட்ரோல் எஞ்சின் மேலெல்லாம் வழிந்தது. ஒரு பொறி பட்டிருந்தால் கார், ஷெட், நான், மூன்றுமே இருந்திருக்காது. ஆட்கள் எல்லாரும் இருக்க, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவன் ஒன்றே ஒன்று சொன்னான். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் என்கிற ஸ்பிரிட் கலக்கிறார்கள், அது டேங்கில் பிடித்த பழைய துருவையும் கசடையும் கிளப்பிவிடும், பம்பு எதுவானாலும் அதற்கு முன்னால் ஒரு ஃபில்டர் போட்டே ஆகவேண்டும் என்றான். எனக்கே பாடம் நடத்துகிறாயா என்று அதற்கும் சேர்த்துத் திட்டினேன். பழைய பம்பை ரிப்பேர் பண்ணி நானே மாட்டினேன். ஃபில்டர் போடவில்லை. பம்பு விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி, இன்றைக்கும் சொல்வேன்.

அவன் கையைத் துடைத்த துணியை மடித்து வைத்துவிட்டு வெளியே போனவன்தான். செய்யாரில் கம்பெனி வேலையில் சேர்ந்தான். அங்கேயே ரூம் எடுத்தான். கம்பெனி பஸ், ஷிப்டு, அடையாள அட்டை. வீட்டுப் பக்கமே வரவில்லை. அம்மாவுக்குப் போன் பேசுவான், நான் உள்ளே வந்தால் வைத்துவிடுவான். என் சம்சாரம் தினமும் ஒரு தட்டு கூடுதலாகப் போட்டுவிட்டு, அப்புறம் எடுத்துக் கவிழ்த்து வைப்பாள். அந்தத் தட்டுச் சத்தம் ஒன்று போதும் எனக்கு, சோறு இறங்காது. இவ்வளவு சம்பாதித்து வைத்திருக்கிறேன், யாருக்கு? அதற்காக நானாகப் போய் அவனைக் கூப்பிடுவேனா? என்னைத் தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

டெலிபோனம்மாவின் தங்கை வீடு செய்யாரில் இருந்தது. மாதம் ஒருதரம் போய் வருவார். போகிற அன்றைக்கு ஷெட்டில் காற்று பிடிக்க நிறுத்துவார். அப்படி ஒருநாள் காரில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

“செய்யார் போறேன் தம்பி. சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “இன்னா இருக்குது சொல்றதுக்கு? எங்கூட்டுல கால் வெச்சான்னா காலை ஒடச்சிருவேன்னு சொல்லுங்க. பெரிய இன்ஜினியரு, கம்பெனி பஸ்ல போறாராம் தொர. வேளாவேளைக்குச் சாப்புடறானோ, இல்ல கேன்டீன்ல தண்ணி சாம்பார நக்கிகினு கெடக்கறானோ, எக்கேடோ கெட்டுப் போவட்டும். எனக்குப் புள்ளையே இல்லன்னு சொல்லுங்க.” இன்னும் எழுத முடியாதது எல்லாம் சொன்னேன்.

அந்தம்மா குறுக்கே பேசவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மூச்சு வாங்கி, குரல் இறங்கி, நானாக நின்றேன்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

சாவியைத் திருப்பினார். டிக் டிக் ஓய்ந்தது. கிளம்பிப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது மறுபடி ஷெட்டில் நின்றார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாகவேண்டும், ஜைனர் வழக்கம் அது, அதனால் இறங்கமாட்டார். ஜன்னல் வழியாகச் சொன்னார்: “முட்டிவலிக்கு டாக்டரைப் பார்க்கச் சொன்னான் உங்க பையன்.” நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுவாரம் வேலூர் போய் டாக்டரைப் பார்த்தேன். வேறு வேலையாகப் போனேன், போன இடத்தில் பார்த்தேன்.

மாதாமாதம் இதே மாதிரி நடந்தது. அவர் கேட்பார், நான் கத்துவேன், அவர் காத்திருப்பார். ஒருதரம், “அவன் கை நல்ல கை, திமிருதான் அவனைக் குட்டிச்செவராக்குது” என்றேன். இன்னொருதரம், “அம்மாக்காரி தட்டு போட்டு வெச்சிகினு உக்காந்துகினு கீறா, பைத்தியக்காரி. அவளைக் கொல்லப் போறான் அந்தப் பாவி” என்றேன். எல்லாவற்றுக்கும் அதே ‘அவ்வளவுதானா?’ தான். இவ்வளவும் அப்படியே அங்கே போய்ச் சேருகிறது, பயல் நொந்து சாகட்டும் என்று எனக்கு ஒரு பக்கம் திருப்தி. இன்னொரு பக்கம், செய்யார் ரோட்டிலிருந்து ஆமை கார் திரும்புகிற நேரத்துக்கு வேறு எங்கேயும் போகாமல் ஷெட் வாசலிலேயே நிற்பேன்.

ஒருநாள் சாயங்காலம் அவர் போன் பண்ணினார். செய்யாரிலிருந்து வரும் வழியில் வண்டி நின்றுவிட்டது, பம்பு பேசவில்லை என்றார். டிரைவரைக் கூட்டிக்கொண்டு பறந்தேன். ரோட்டோரம் புங்கமரத்தடியில் ஆமை கார் நின்றது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பானெட்டைத் திறந்து ஸ்பேனரின் பின்பக்கத்தால் பம்பைத் தட்டினேன். பம்புக்குள் கரண்டை விட்டு விட்டுத் தருகிற பாயின்ட் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒரு தட்டில் பிழைத்துக்கொள்ளும். ஒரே ஒரு டிக். அதோடு சரி. பாயின்டைக் கழற்றித் தேய்த்துப் போட்டேன். அப்போதும் ஒரு டிக்தான்.

பின்னால் பைக் வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தால் என் மகன், கம்பெனிச் சட்டையோடு. நான் அந்தம்மாவைப் பார்த்தேன்.

“ரெண்டு பேருக்கும் லைன் குடுத்துட்டேன். இனிமே நான் கேக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் போய் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிட்டார்.

அவன் இளைத்திருந்தான். பம்பில் காதை வைத்துக் கேட்டான். “பாயின்ட் இல்ல. மூச்சு முட்டுது” என்றான். அடியில் கழற்றி, பம்புக்குள் இருக்கிற சின்னச் சல்லடையை எடுத்தான். துருவும் கறுப்புப் பிசினும் அப்பிப்போய் வெளிச்சமே தெரியவில்லை. அன்றைக்கே சொன்னேனே என்று சொல்லப்போகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவன் சொல்லவில்லை. சல்லடையைக் கழுவி மாட்டினான். பைக் பெட்டியிலிருந்து காகிதத்தில் சுற்றின ஒன்றை எடுத்தான். விரல் நீளக் கண்ணாடி ஃபில்டர், அந்தக் காரின் குழாய்க்குச் சரியான அளவு.

“இது எப்ப வாங்கினது?” என்று கேட்டேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவனிடம் பேசின முதல் பேச்சு அது.

“அப்பவே,” என்றான்.

டேங்குக்கும் பம்புக்கும் நடுவே அதை வைத்தான். கிளிப்பை நான் முறுக்கினேன். அவன் சாவியைத் திருப்பினான். டிக் டிக் டிக் டிக். கண்ணாடிக்குள் பெட்ரோல் ஏறுவது தெரிந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஓயும்வரை வேறு வேலை இல்லை.

“சாப்ட்டியா?” என்றேன். வாயில் வேறொன்றும் வரவில்லை.

“மாசாமாசம் அதைத்தானப்பா கேட்டு அனுப்பற,” என்றான். ஃபில்டரிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. “வேளாவேளைக்குச் சாப்புடறனான்னு. என் கை நல்ல கைன்னு சொன்னியாம். அம்மா தட்டு போட்டு வெச்சிருக்குன்னு சொன்னியாம்.” கிளிப்பைத் தொட்டுப் பார்த்தான். “நேர்ல சொல்லமாட்டியா நீ?”

பம்பு ஓய்ந்துவிட்டது. நான் பானெட்டை இறக்கி மூடினேன்.

அந்தம்மா சாப்பிட்டு முடித்துவிட்டு வந்தார். பாத்திரத்தில் மீந்த தயிர்சாதத்தை அதன் மூடியிலேயே போட்டு நீட்டினார். “பொழுது சாஞ்சா எனக்கு ஆகாது. வீணாக்காதீங்க” என்றார். மூடி ஒன்றுதான் இருந்தது. ரோட்டோரத்தில் நின்றபடி ஒரே மூடியில் அவனும் நானும் கை வைத்துச் சாப்பிட்டோம். ஊறுகாயை என் பக்கமிருந்து அவன் பக்கம் தள்ளினேன். அவன் அதைப் பாதியாக்கி என் பக்கம் தள்ளினான்.

என் காரைக் கொடுத்து அவனை வீட்டுக்கு அனுப்பினேன். அம்மாவிடம் போ, நான் பின்னால் வருகிறேன் என்றேன். பைக்கை டிரைவர் எடுத்துக்கொண்டான். நான் ஆமை காரில் அந்தம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும் பொறுக்கமுடியாமல் கேட்டேன்.

“நான் அவனைச் சாப்ட்டானான்னு கேக்கவே இல்லியேம்மா.”

“கேட்டீங்க தம்பி.”

“நான் திட்டினேன்.”

“திட்டினீங்க. அதுக்குள்ளயே கேட்டீங்க. நான் ஒரு வார்த்தையும் சேர்க்கல. சேர்க்கறது எனக்குப் பழக்கமில்ல.”

யோசித்துப் பார்த்தேன். வேளாவேளைக்கு, நல்ல கை, தட்டு. எல்லாம் நான் சொன்னதுதான். அவ்வளவு கசடுக்கு நடுவில் அதுவும் கிடந்திருக்கிறது, எனக்கே தெரியாமல்.

“மிச்சத்தை இன்னா பண்ணீங்க?”

அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: “வடிகட்டின துணியை எங்க அலசுவோம்? மொண்ட கிணத்துலதானே. அதெல்லாம் உங்ககிட்டயேதான் இருக்கு தம்பி. நான் எடுத்துகிட்டுப் போகல.”

அவன் என்னைப் பற்றி அங்கே என்னென்ன சொன்னான், அதில் எதை வடிகட்டி ‘முட்டிவலிக்கு டாக்டரைப் பார்க்கச் சொன்னான்’ என்று கொண்டுவந்தார் என்பதை நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்கமாட்டார்.

அதற்கப்புறம் அவன் ஷெட்டுக்கே வந்துவிட்டான். இப்போது ஷெட் அவன் கையில்தான். ஸ்பிரிட் கலந்த பெட்ரோலால் பழைய கார்க்காரர்கள் வேலூரிலிருந்தெல்லாம் எங்களிடம்தான் வருகிறார்கள். என் ஷெட் பேர் அப்படி.

டெலிபோனம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். தங்கை வீட்டில், ஒரு மத்தியானம், யாருக்கும் தொந்தரவு இல்லாமல். ஓட்ட ஆள் இல்லை என்று தங்கை காரை எங்களிடமே விட்டார். கல்யாண ஊர்வலத்துக்குக் கேட்காதவன் இல்லை. நான் விடுவதில்லை. மாதம் ஒருநாள் பக்கத்திலிருக்கிற திருமலை ஜைனக் கோயில் வரைக்கும் அப்பனும் மகனும் ஓட்டிப் போய், அடிவாரத்தில் கொஞ்சநேரம் நிறுத்தி வைத்துவிட்டு வருவோம்.

போன தடவை கிளம்பும்போது எனக்குக் கோபம். என்னைக் கேட்காமல் டேங்கைக் கழற்றி உள்ளே ஏதோ பூச்சு பூசியிருக்கிறான். நான் ஆரம்பித்தேன். அவன் சாவியைத் திருப்பிவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். டிக் டிக் டிக் என்று அது ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

“பம்பு ஓஞ்சிட்டுதுப்பா,” என்றான். “நீதான் இன்னும் ஓயல.”

ஓய்ந்தேன். அவன் வண்டியை எடுத்தான்.